நாலாம் மாடியில் பெயர் தெரியாத கொடி

அமகாசாகி,
மே 12

அன்புள்ள இட்சுகோ அக்காவுக்கு,

தம்பி செய்கோ எழுதுகிறேன். உன் இடுப்பு வலி எப்படி இருக்கிறது? நீ அனுப்பிய புத்தாண்டு அட்டை போன வாரம்தான் கைக்கு வந்தது. கீழே என் கடிதப் பெட்டி நிரம்பி வழிகிறதென்று குடியிருப்புக் கண்காணிப்பாளர் எல்லாவற்றையும் ஒரு பையில் அள்ளி வந்து கதவில் மாட்டிவிட்டுப் போனார். புத்தாண்டு வாழ்த்துக்கு மே மாதத்தில் நன்றி சொல்கிறவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். நன்றி.

ஒரு சந்தேகம் கேட்கத்தான் எழுதுகிறேன். நீ இருபது வருஷமாக நாற்றுக் கடையில் வேலை பார்க்கிறவள். என் பால்கனி ஓரமாக மழைத்தண்ணீர் போக ஒரு சின்னக் கால்வாய் இருக்கிறதல்லவா? பக்கத்து வீட்டுத் தடுப்புப் பலகைக்கு அடியில், அந்தக் கால்வாயில் காய்ந்துபோன சேற்றில், ஒரு செடி முளைத்திருக்கிறது. துடைப்பத்தால் தள்ளத்தான் போனேன். விதையின் ஓடு ஓர் இலை நுனியில் தொப்பி மாதிரி இன்னும் மாட்டிக்கொண்டிருந்தது. தள்ள மனம் வரவில்லை. கல்யாணமான புதிதில் சிகாகே வாங்கிவைத்த தொட்டி ஒன்று பழைய மண்ணோடு கிடந்தது. அதில் நட்டுவிட்டேன்.

உயரம் 62 மில்லிமீட்டர். இயந்திரப் பாகம் வரைந்து பிழைக்கிறவனுக்கு அளக்கத்தான் தெரியும், பெயர் தெரியாது. இலை ஒன்று உறைக்குள் இருக்கிறது. இது என்ன செடி?

போன் பண்ணாதே அக்கா. மணி அடித்தாலே நெஞ்சு படபடக்கிறது, வயரைப் பிடுங்கிவிட்டேன். கூட்டுறவுக் கடையிலிருந்து வாராவாரம் சாமான் கொண்டுவரும் அம்மாளிடம் இந்தக் கடிதத்தைக் கொடுத்துப் போடச் சொல்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
செய்கோ


ஒகயாமா,
மே 16

என் தம்பி செய்கோவுக்கு,

அக்காவின் ஆசிகள். இடுப்பு வலி அது பாட்டுக்கு இருக்கிறது. உறைமேல் உன் கையெழுத்தைப் பார்த்ததும் உரமூட்டைமேல் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கடைக்காரர் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார்.

சிகாகே கண்ணை மூடி மூன்று வருஷம். நீ வாசலைத் தாண்டாமலும் மூன்று வருஷம். என்னைக்காவது ஒரு நாள் நீ வெளியே வரவேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு ஆசை கிடையாது. இதைப் பற்றி ஒரு வார்த்தை எழுதக்கூடாது என்று நினைத்துத்தான் பேனாவை எடுத்தேன். எழுதிவிட்டேன். இனி எழுதமாட்டேன்.

செடி விஷயத்துக்கு வருகிறேன். அந்த அம்மாள் உன் கடிதத்தை முட்டைக்கோஸுக்கு அடியில் வைத்தாளோ என்னவோ, இலை கசங்கிக் கறுத்துப்போய் வந்தது. இதை வைத்து யாராலும் ஒன்றும் சொல்ல முடியாது. இன்னொரு இலை அனுப்பு. அவளிடம் கொடுக்காதே. குடியிருப்பு வாசலில் சிவப்புத் தபால் பெட்டி இருக்கிறதே, அதில் நீயே போடு. கீழே உன் கடிதப் பெட்டியையும் நீயே திற. கண்காணிப்பாளர் முழங்காலும் மனுஷ முழங்கால்தான். இலையைக் கசக்கி மோந்து பார்த்து, வாசனை எப்படி என்றும் எழுது.

இத்தோடு ஷிசோக் கீரை விதை கொஞ்சம் வைத்திருக்கிறேன். மண்ணுக்குள் புதைத்துவிடாதே, அதற்கு வெளிச்சம் வேண்டும். மேலே தூவி, உள்ளங்கையால் அழுத்திவிட்டால் போதும்.

நேரத்துக்குச் சாப்பிடு.
அக்கா


அமகாசாகி,
ஜூன் 1

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அங்கே மழை தொடங்கிவிட்டதா? மழைக்கு உன் இடுப்பு இன்னும் வலிக்குமே.

பதில் தாமதமானதற்குக் காரணம் கீழே இருக்கும் கடிதப் பெட்டி. என் வீட்டிலிருந்து தரைக்கு நாற்பத்தெட்டுப் படி. முதல் நாள் பதினாறு இறங்கினேன். கீழே யாரோ குடையை உதறும் சத்தம் கேட்டது, ஏறி வந்துவிட்டேன். இரண்டாம் நாள் முப்பத்திரண்டு. மூன்றாம் நாள் கண்ணை மூடிக்கொண்டு என்று சொல்லலாம், கைப்பிடியைப் பிடித்தபடி இறங்கி, கடிதப் பெட்டியைத் திறந்து, உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு ஓடி வந்தேன். அதை வாசித்த பிறகுதான் திரும்பவும் இறங்கவேண்டும் என்று தெரிந்தது! உன்மேல் கோபம் வந்தது.

புது இலை உள்ளே இருக்கிறது. அசல் அளவில் ஒரு படமும் வரைந்திருக்கிறேன். ஐந்து மடல், ஓரமெல்லாம் வெட்டு. கசக்கி மோந்தேன். பச்சை வாசனை, கொஞ்சம் கசப்பு. எங்கேயோ மோந்த மாதிரி இருக்கிறது, எங்கே என்று பிடிபடவில்லை. நேற்று கணுவிலிருந்து தலைமுடி போல ஒரு சுருள் கிளம்பியது. காலையில் பார்க்கிறேன், துணிக்கொடியை மூன்று சுற்று சுற்றிப் பிடித்திருக்கிறது. கண் இல்லாமல் அதற்கு எப்படித் தெரிகிறது அக்கா? அரைமணி நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தேன். கிட்டத்தில் ஒரு குச்சியை நீட்டினேன். அதையும் பிடித்துக்கொண்டது.

ஷிசோ தூவியாகிவிட்டது. சமைத்த வெங்காயத்தாளின் வேர்த்துண்டுகளையும் கோப்பைத் தண்ணீரில் நிறுத்தியிருக்கிறேன்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
செய்கோ


ஒகயாமா,
ஜூன் 5

செய்கோவுக்கு,

அக்கா நலம், இடுப்பும் பரவாயில்லை. மழை பிடித்துக்கொண்டது, கடையில் ஈ காக்காய் இல்லை. அதனால் உன் இலையை ஆர அமரப் பார்த்தேன். திருப்பிப் பார்த்தேன், மோந்து பார்த்தேன், கடைக்காரரிடமும் காட்டினேன். ஊஹூம். பிடிபடவில்லை. இருபது வருஷ அனுபவம் என்று பெயர்தான்.

ஒன்று நிச்சயம், அது ஏறுகிற ஜாதி. வலை வேண்டும். இரண்டு மீட்டர் உயரம், கண் ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம். கூட்டுறவு வண்டியில் சொன்னால் மீன்வலை மாதிரி எதையாவது கொண்டுவருவார்கள். ரயிலடிப் பக்கம் சாமான் கடை இருந்ததே, நீயே போய் வலைக்கண்ணைத் தொட்டுப் பார்த்து வாங்கு. தடுப்புப் பலகையில் மட்டும் கட்டாதே. தீயோ நிலநடுக்கமோ வந்தால் உடைத்துக்கொண்டு ஓடுவதற்கு உள்ளது அது. பக்கத்தில் தொட்டிகூட வைக்கக்கூடாது.

நுனியைக் கிள்ளாதே. அதன் போக்கில் போகட்டும். பால்கனியில் எத்தனை மணியிலிருந்து எத்தனை மணிவரை வெயில் விழுகிறது என்று ஒரு வாரம் குறித்து எழுது.

சளி பிடிக்காமல் பார்த்துக்கொள்.
அக்கா


அமகாசாகி,
ஜூன் 24

அன்புள்ள அக்காவுக்கு,

மழையிலும் நலம். நீயும் கடைக்காரரும் நலமா?

வலை வாங்கிவிட்டேன். நான்கு தடவை கிளம்பினேன், நான்காவது தடவை போய்ச் சேர்ந்தேன். சிகாகேயின் குடையை எடுத்துப்போனேன், என் குடை துருப்பிடித்திருந்தது. கடையில் ஒருவரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அதற்குத்தான் மூன்று வருஷம் பயந்தேன் போலிருக்கிறது.

மழைக்கு நடுவே வெயில் குறித்தது இந்தத் தாளின் பின்பக்கம் இருக்கிறது. பால்கனி தெற்குப் பார்த்ததுதான். ஆனால் இந்த மாதம் சூரியன் உச்சிக்குப் போய்விடுவதால் கைப்பிடிச் சுவர் ஓரம் ஒரு முழம்தான் வெயில். எல்லாத் தொட்டிகளையும் அங்கே நகர்த்தினேன்.

வலை கட்டத் துளை போட்டுக்கொண்டிருந்தேன். பலகைக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு பெண் குரல்.

“ஏங்க! உசிரோட இருக்கீங்களா?”

“இருக்கேங்க,” என்றேன். என் குரல் எனக்கே கரகரவென்று கேட்டது.

“அதான பாத்தேன்! மூணு வருஷமா அந்தப் பக்கம் ஒரு தும்மல்கூடக் கேக்கல. இன்னிக்கு என்னடான்னா கட்டட வேலையே நடக்குது. சாப்டாச்சா?”

நான் யோசிப்பதற்குள் பலகைக்கு அடியில் ஒரு கை நீண்டது. தட்டு நிறைய வறுத்த சோமென் சேமியா. “தட்டு திரும்பி வரணும், ஆமா. இதே வழியா வந்தாப் போதும், வாசல் மணியெல்லாம் அடிக்க வேணாம். எனக்கு முழங்கால் சரியில்ல.” ஹியானே அம்மா என்று பெயராம். ஒகினாவாக்காரர். தனியாகத்தான் இருக்கிறார். கொடியைப் பார்த்துவிட்டு நிறையப் பேசினார். அதையெல்லாம் பிறகு எழுதுகிறேன்.

இந்த வாரம் கொடி எந்த இனம் என்று ஏதாவது புலப்பட்டதா?

செய்கோ


ஒகயாமா,
ஜூன் 30

செய்கோவுக்கு,

அக்கா நலமாக இருக்கிறேன். உன் கடிதத்தைக் கடைக்காரருக்கும் வாசித்துக் காட்டினேன். “உசிரோட இருக்கீங்களா” வந்ததும் இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அப்புறம் நான் உள்ளே போய்க் கொஞ்சம் அழுதுவிட்டு வந்தேன்.

ஹியானே அம்மா கொடியைப் பற்றி என்ன சொன்னார்? மறக்காமல் எழுது.

இப்போதைக்கு ஒன்றும் புலப்படவில்லை. இப்படிச் செய். காலை பத்து மணிக்குக் கீழே இறங்கி, புல்தரையில் நின்று, உன் பால்கனியை அண்ணாந்து பார். வெயில் இலையை ஊடுருவி வரும்போது என்ன நிறம் என்று தெரியவேண்டும். பக்கத்தில் இருந்து பார்த்தால் அது தெரியாது. அவசரப்படாமல் நின்று பார்.

கொசு கடிக்கும், கை மூடிய சட்டை போட்டுக்கொள்.
அக்கா


அமகாசாகி,
ஜூலை 18

அன்புள்ள அக்காவுக்கு,

வெயில் கொளுத்துகிறது. கடையில் தொப்பி இல்லாமல் நிற்காதே.

புல்தரையில் நின்று பார்த்தேன். நாற்பது பால்கனியில் என்னுடையது ஒன்றுதான் முழுக்கப் பச்சை. இலையின் நிறம் எலுமிச்சைக்கும் ஷிசோவுக்கும் நடுவே. அண்ணாந்து நின்றவனைச் சுற்றி மூன்று பேர் கூடிவிட்டார்கள். “எதுனா விழப்போவுதா?” என்று ஒருவர் கேட்டார். “இல்லீங்க, என் வீட்டப் பாக்குறேன்,” என்றேன். “நீங்க நாலாவது மாடியா? காலியா இருக்குன்னுல்ல நெனச்சோம்!” என்றார். கும்பிட்டுவிட்டு வந்தேன்.

மஞ்சள் பூ பூக்கிறது. காலையில் விரிந்து மறுநாள் உதிர்ந்துவிடுகிறது. காய் இல்லை. கொடியின் ஒரு கிளை பலகைக்கு வெளியே கைப்பிடி வழியாகச் சுற்றி ஹியானே அம்மா பக்கம் போய்விட்டது. இழுத்துக்கொள்ளவா என்று கேட்டேன். “வந்த விருந்தாளிய யாராச்சும் தொரத்துவாங்களா? இருக்கட்டும்,” என்றார். கொடியைப் பற்றி அவர் முன்பு சொன்னது ஞாபகம் இல்லை.

ஷிசோ பத்து இலை பறித்துத் தோஃபுமேல் போட்டுச் சாப்பிட்டேன். ஐந்து இலை பலகைக்கு அடியில் அனுப்பினேன்.

இது என்ன கொடி அக்கா? நிஜமாகவே தெரியவில்லையா?

செய்கோ


ஒகயாமா,
ஜூலை 23

செய்கோவுக்கு,

தொப்பி போட்டுக்கொண்டுதான் நிற்கிறேன், கவலைப்படாதே.

நிஜமாகவே தெரியவில்லை. பூவுக்குப் பின்னால் சின்னதாக ஏதாவது புடைத்திருக்கிறதா? அப்படி ஒரு பூவைப் பார்த்தால் உடனே எழுது.

இந்தக் கொடியை இலை இலையாகப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. நீ ஒரு முழம் கொடியை ஈரத்துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு அடுத்த மாதம் ஓபோனுக்கு, போனவர்கள் வீடு தேடி வரும் நாளுக்கு, வந்துவிடேன். ரயிலில் மூன்று மணி நேரத்துக்குள்தான். சிகாகேக்கும் நம் வீட்டு விளக்கில்தான் ஊதுவத்தி ஏற்றுகிறேன். நீ வந்து ஒன்று ஏற்றினால் அவளுக்கும் நன்றாக இருக்கும். கட்டாயம் இல்லை. முடியாதென்றால் அடுத்த கடிதத்தில் வழக்கம்போல இலை வை.

அக்கா


ஒகயாமா,
ஆகஸ்ட் 17

செய்கோ,

நலமா? நலம் என்று மட்டும் எழுது, போதும். ஓபோன் முடிந்துவிட்டது. இருபத்தைந்து நாளாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. நான் அவசரப்பட்டு விட்டேன். வா என்று எழுதியிருக்கக் கூடாது. தபால்காரர் தலை தெரியும்போதெல்லாம் கையில் இருக்கும் வேலையைப் போட்டுவிட்டு ஓடுகிறேன்.

கொடி காய்ந்துவிட்டது என்றால் அதையாவது எழுது. வேறு விதை அனுப்புகிறேன். கீழே இறங்கப் பிடிக்கவில்லை என்றால் அந்த முட்டைக்கோஸ் அம்மாளிடமே கொடு. கசங்கி வந்தால் பரவாயில்லை.

அக்கா


அமகாசாகி,
ஆகஸ்ட் 20

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாக இருக்கிறேன். இதை முதல் வரியாகவே எழுதிவிடுகிறேன். உன்னை இத்தனை நாள் தவிக்கவிட்டதற்கு மன்னித்துக்கொள். எங்கே தொடங்குவது என்று தெரியாமல் மூன்று கடிதம் எழுதிக் கிழித்தேன்.

நான் ஒகயாமாவுக்கு வந்தேன்.

பன்னிரண்டாம் தேதி காலையில் கொடியை ஈரத்துணியில் சுற்றிக்கொண்டு கிளம்பினேன். நான்கு தடவை எல்லாம் இல்லை, ஒரே தடவை. மதியம் உன் கடைக்கு எதிரே, ஐஸ் விற்கிற கடையின் நிழலில் நின்றேன். உன் தலைமுடி முழுக்க நரைத்துவிட்டது. காதில் பென்சில். கடை முகப்பு முழுவதையும் ஒரு கொடி கூரைவரை மூடியிருந்தது. ஐந்து மடல், ஓரமெல்லாம் வெட்டு. என் துணிக்குள் இருந்ததை எடுத்து ஒப்பிட்டுப் பார்க்கவே தேவை இருக்கவில்லை.

சைக்கிளில் வந்த ஒருவர் உன்னிடம் கேட்டார், “இது என்ன கொடிம்மா?”

நீ திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னாய்: “பாகல்ங்க! இலையக் கொஞ்சம் கசக்கி மோந்து பாருங்க. கண்ணக் கட்டி விட்டாலும் சொல்லிரலாம்.”

எனக்குத் தெருவில் நின்றபடியே சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. மே மாதத்திலிருந்து நீ ஏன் ஒன்றும் தெரியாதவளாக இருந்தாய் என்று புரிந்தது. உன் முன்னால் வந்தால் தெருவிலேயே உடைந்துவிடுவேன் என்று தோன்றியது. மறுநாள் காலையில் பார்க்கலாமென்று ரயிலடி விடுதியில் தங்கினேன். மறுநாள் வந்தேன். நீ முகப்புக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாய். தெருவைத் தாண்ட முடியவில்லை. பீச் பழம் ஒரு பெட்டி வாங்கிக்கொண்டு ரயில் ஏறிவிட்டேன்.

இங்கே நடந்ததைக் கேள். ஆகஸ்ட் வெயிலில் இரண்டு நாள் தண்ணீர் இல்லை. ஹியானே அம்மா பக்கம் போயிருந்த கிளை துவண்டு தொங்கியிருக்கிறது. ஒரு வேளைகூடத் தண்ணீர் ஊற்ற மறக்காதவன் ஊற்றவில்லை என்றால் ஆள் முடிந்துவிட்டான் என்று அவர் நினைத்திருக்கிறார். பலகையைத் தட்டினார், கத்தினார். பிறகு உடைத்தே விட்டார்.

சாயங்காலம் நாற்பத்தெட்டுப் படி ஏறி வருகிறேன், வாசல் திறந்து கிடக்கிறது. உள்ளே ஒரு போலீஸ்காரர், கண்காணிப்பாளர், மூன்றாம் மாடிக்காரர்கள். நடுவில் ஹியானே அம்மா, காலில் கட்டோடு என் நாற்காலியில்.

“வந்துட்டாரு! இதோ வந்துட்டாரு!” என்று கத்தினார். “செத்துக் கெடப்பீங்கன்னு நெஞ்சப் புடிச்சிக்கிட்டு வந்தா, ஆளையே காணோம்! வெளியவே போவாத மனுசன் எங்கய்யா போனீங்க?”

“அக்காவப் பாக்கப் போனேன்.”

“சொல்லிட்டுப் போக வாய் இல்ல? முழங்கால் போச்சு எனக்கு. நல்ல காலால ஒதச்சேன், இப்ப அதுவும் போச்சு!” திட்டிக்கொண்டே என் கையைப் பிடித்துக்கொண்டார். ரொம்ப நேரம் விடவில்லை. போலீஸ்காரர் என்னிடம், “எத்தன மணிக்கு வெளிய போனீங்க?” என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். வெளியே போனேன் என்பதற்கு இப்போது அரசாங்கத்தில் பதிவே இருக்கிறது அக்கா. பீச் பழத்தை எல்லாருமாக நறுக்கித் தின்றோம். பலகை அக்டோபரில்தான் மாற்றுவார்களாம். அதுவரை அந்த ஓட்டை வழியாக ஹியானே அம்மா குனிந்து வந்து ஷிசோ பறித்துக்கொண்டு போகிறார்.

இப்போது என் குற்றத்தையும் சொல்லவேண்டும். அந்த அம்மா ஜூன் மாதமே, வலை கட்டிய அன்றைக்கே, “அட, என் பாகல்! போன வருஷம் பழுத்தத இங்கதான் கழுவுனேன், வெதை ஓடி வந்திருக்கு,” என்று சொல்லிவிட்டார். எனக்கு அன்றைக்கே தெரியும். அதை எழுதினால் கேள்வி முடிந்துவிடும், நீ கடிதம் எழுத மாட்டாய், நானும் கீழே இறங்க ஒரு காரணம் இருக்காது. அதற்குப் பயந்து மறைத்தேன். பின்னால் குட்டிப் பாகற்காய் புடைத்திருந்த பூவெல்லாம் ஒவ்வொன்றாகக் கிள்ளிப் போட்டேன். மொத்தம் ஏழு. காய் வந்துவிட்டால் உன்னிடம் கேட்க என்ன இருக்கிறது?

ஹியானே அம்மா பக்கம் போன கிளையில் மட்டும் என் கை எட்டவில்லை. அங்கே ஒன்று காய்த்து, பழுத்து, மஞ்சளாக வெடித்திருக்கிறது. அதன் சிவப்புச் சதையைக் கழுவி ஒரு விதையை உறைக்குள் வைத்திருக்கிறேன்.

இது என்ன விதை அக்கா?

செய்கோ


ஒகயாமா,
ஆகஸ்ட் 24

என் கண்ணான தம்பிக்கு,

அக்கா நலம், நலம், ரொம்ப நலம். கடிதத்தைப் படித்துவிட்டுக் கடைக்கு அரை நாள் விடுமுறை கேட்டேன். கடைக்காரர் முகத்தைப் பார்த்துவிட்டு முழு நாளும் கொடுத்தார்.

முட்டாளே! எதிர்த்த கடை நிழலில் இரண்டு நாள் நின்றாயா? அந்த ஐஸ் கடைக்காரி, “தொப்பி போட்ட ஒரு ஆளு, கையில ஏதோ ஈரத்துணி, உங்க கடையையே பாத்துக்கிட்டு நிக்கிறான், திருடனா இருக்கும், பாத்துக்க,” என்று வந்து சொன்னாள். நான் கல்லாப்பெட்டியை உள்ளே தூக்கி வைத்தேன். என் தம்பியைத் திருடன் என்று நினைத்துக் கல்லாவைப் பூட்டி வைத்திருக்கிறேன். இதை நினைத்து நினைத்துச் சிரிப்பும் அழுகையுமாக இருக்கிறது.

முட்டைக்கோஸுக்கு அடியில் கசங்கிய முதல் இலையிலேயே எனக்குத் தெரியும். உறையைப் பிரித்ததும் வாசனை அடித்தது. ஒரு கடிதத்துக்கு நீ நாற்பத்தெட்டுப் படி இறங்கவேண்டும், நாற்பத்தெட்டு ஏறவேண்டும். அதனால் பெயரை விழுங்கிவிட்டேன். நீ ஏழு பூ கிள்ளியதற்காக வெட்கப்படாதே. உன்னை நுனி கிள்ளாதே என்று சொன்னவள் யார்? நுனியைக் கிள்ளினால்தான் பக்கக் கிளை வந்து பாகல் நிறையக் காய்க்கும். கடைக்கு வருகிற அத்தனை பேருக்கும் அதைத்தான் சொல்கிறேன். நீ கிள்ளியிருந்தால் ஜூலையிலேயே குவித்திருப்பாய். அத்தனை காயையும் நான்தான் வரவிடாமல் பார்த்துக்கொண்டேன்.

ஹியானே அம்மாவுக்கு முழங்கால் பட்டை ஒன்று தனியாக அனுப்பியிருக்கிறேன். அவர் காலுக்கு என் நமஸ்காரம் என்று சொல்.

நீ அனுப்பிய விதையை உள்ளங்கையில் வைத்து, கண்ணாடி போட்டுக்கொண்டு, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். இருபது வருஷ அனுபவத்தில் சொல்கிறேன், இது என்ன விதை என்று எனக்குச் சத்தியமாகத் தெரியவில்லை. கொடியை நேரில் பார்த்தால்தான் சொல்ல முடியும். தொட்டிக்குத் தண்ணீர் ஊற்ற ஹியானே அம்மாவிடம் சொல்லிவிட்டுக் கிளம்பு.

இந்தத் தடவை ஐஸ் கடையில் நிற்காதே. தெருவைத் தாண்டு. காதில் பென்சில் செருகியிருப்பவள்தான் நான்.

அக்கா